எந்த மாநிலம் என்று சொல்லாமல் ஹிப்பா பற்றி எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மன்னார்குடிக்காரி. 2013 முதல் ஐந்து வருஷம் டெக்சாஸில், அதன்பின் இன்றுவரை கலிபோர்னியாவின் பிரீமாண்டில், கிளினிக்குகளின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். நோயாளியின் ஃபைலை யாரிடம் கொடுக்கலாம், யாரிடம் கொடுக்கக் கூடாது என்று பார்த்துக் கொடுப்பதுதான் என் வேலை. உங்கள் நாளிதழை இங்கே தினமும் காலையில் போனில் படிப்பேன்.

சென்ற ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் பெற்றோருக்கென்று ஒரு கட்டுரை வந்திருந்தது. அக்கறையோடு எழுதியிருந்தார்கள். ஆனால் அதில் மூன்று விஷயங்கள் உறுத்தின. நோயாளியின் மருத்துவத் தகவலைக் காக்கும் ஹிப்பா என்ற அமெரிக்கச் சட்டம் 50 மாநிலங்களுக்கும் ஒரே மாதிரி என்றும், மருத்துவமனை 30 நாளில் ரிப்போர்ட் கொடுக்கும் என்றும், பிள்ளைக்கு 18 ஆகிவிட்டால் பெற்றோர் எதையும் கேட்கவே முடியாது என்றும் எழுதியிருந்தது. முதல் வரி பாதி உண்மை. இரண்டாவது வரியை நம்பி உட்கார்ந்தால் நஷ்டம். மூன்றாவது வரியைப் படித்துவிட்டு யாராவது ஒரு அப்பா ராத்திரி போனைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹிப்பா 1996-இல் வந்த மத்திய சட்டம். வேலை மாறினாலும் இன்சூரன்ஸ் கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்தார்கள். நோயாளியின் தகவலைக் காப்பதற்கான விதிகள் அதை ஒட்டிப் பிறகு எழுதப்பட்டு 2003 ஏப்ரல் 14 முதல் நடைமுறைக்கு வந்தன. அந்த விதிகளிலேயே, மாநிலச் சட்டம் இதற்கு முரணாக இருந்தால் மத்திய விதிதான் செல்லும், ஆனால் மாநிலச் சட்டம் நோயாளிக்கு இதைவிடக் கூடுதல் பாதுகாப்பு கொடுத்தால் மாநிலச் சட்டமே நிற்கும் என்று எழுதியிருக்கிறது. எங்கள் டெல்டா பக்கத்தில் சொன்னால் சட்டென்று புரியும். நெல்லுக்கு மத்திய அரசு ஒரு ஆதார விலை சொல்லும். தமிழ்நாடு அதற்கு மேலே ஊக்கத்தொகை போட்டுக் கொடுக்கும். கூட்டலாம், குறைக்க முடியாது. ஹிப்பாவும் அப்படி ஒரு ஆதார விலைதான்.

கூடுதல் பாதுகாப்பு என்றால் எல்லாவற்றையும் பூட்டி வைப்பது என்று என்னோடு வேலை பார்ப்பவர்களே சிலர் நினைத்திருக்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. வெளியாள் கேட்டால், எந்தச் சட்டம் இறுக்கமோ அது. நோயாளியே தன் ஃபைலைக் கேட்டால், எந்தச் சட்டம் தாராளமோ அது. கவுண்ட்டருக்கு வரும் ஒவ்வொருவரிடமும் கேட்பவர் யார் என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

இதன் அருமை எனக்கு 2016-இல் என் வீட்டிலேயே தெரிந்தது. டல்லாஸ் பக்கம் இருந்தோம். ஊரிலிருந்து வந்திருந்த மாமனாருக்கு மூச்சுத்திணறல் வந்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். திருச்சியில் அவரைப் பார்க்கும் இதய மருத்துவர், எல்லா ரிப்போர்ட்டும் கையில் இல்லாமல் கிளம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டிக்கெட் தேதிக்கு 19 நாள் இருந்தது. மாமனாரே படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், தமிழில். கவுண்ட்டரில் இருந்த பெண் முதலில் அந்தக் கையெழுத்தை ஏற்கவில்லை. கையெழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்று சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார். அப்புறம், "ஹிப்பா, 30 நாள் ஆகும்" என்றார்.

நான் அப்போது இதே வேலையில் மூன்று வருஷம் முடித்திருந்தேன். என்னை வேலைக்கு எடுத்ததும் முதலில் உட்கார வைத்தது ஒரு பயிற்சி வகுப்பில்தான். 2012 செப்டம்பரில் அமலுக்கு வந்த டெக்சாஸ் சட்டம், நோயாளித் தகவலைத் தொடும் ஊழியர்களுக்கு அந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் மருத்துவப் பதிவை நோயாளி எழுத்தில் கேட்டால் 15 வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். ஹிப்பா சொல்லும் 30 நாளும் காத்திருக்க வேண்டிய காலம் இல்லை, அதற்கு மேல் போகக் கூடாது என்ற எல்லை. காரணத்தை எழுத்தில் சொன்னால் இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம், ஒரே ஒரு தடவை. டெக்சாஸில் அந்த எல்லை கிட்டத்தட்ட மூன்று வாரமாகக் குறைந்துவிடுகிறது. இதை ஒரு பக்கத்தில் எழுதி, சட்டப் பிரிவின் எண்ணையும் போட்டு மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். 11-ஆம் நாள் எக்கோ, ஆஞ்சியோ எல்லாம் ஒரு சிடியில் வந்தது. மாமனார் அதைச் சட்டையின் உள்பாக்கெட்டில் வைத்தபடியே விமானம் ஏறினார்.

அதே ஃபைல் கலிபோர்னியாவில் இருந்திருந்தால் கணக்கே வேறு. இங்கே நோயாளி கேட்டால் ஐந்து வேலை நாளுக்குள் பார்க்க விட வேண்டும், நகல் 15 நாளுக்குள் தர வேண்டும், சாதாரணப் பக்கத்துக்கு 25 சென்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. ஆகவே "30 நாள்" என்று பொதுவாக அச்சில் போடும்போது, டெக்சாஸ்காரருக்கும் கலிபோர்னியாக்காரருக்கும் அவர்கள் கையில் இருக்கும் உரிமையை நாமே குறைத்துச் சொல்லிவிடுகிறோம்.

இனி பிள்ளைகள் விஷயம். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் கோபப்படுகிறார்கள். சட்டமும் இங்கேதான் நான் சொன்ன ஆதார விலைக் கணக்குக்கு அடங்காமல் போகிறது.

18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் மருத்துவத் தகவலைப் பெற்றோர் பார்க்கலாமா என்ற கேள்வியில் ஹிப்பா பெரும்பாலும் தானாகத் தீர்மானிக்காமல் மாநிலத்திடம் விட்டுவிடுகிறது. மாநிலச் சட்டம் காட்டு என்றால் காட்டலாம், காட்டாதே என்றால் காட்டக் கூடாது, ஒன்றும் சொல்லவில்லை என்றால் மருத்துவர் தன் தொழில் அறிவைக் கொண்டு முடிவு செய்யலாம். எது இறுக்கம், எது தாராளம் என்ற ஒப்பீடே இங்கே கிடையாது.

கலிபோர்னியாவில் 12 வயது ஆன பிள்ளை, தனக்குப் போதுமான முதிர்ச்சி இருக்கிறது என்று மருத்துவரோ ஆலோசகரோ கருதினால், மனநல ஆலோசனைக்குத் தானே சம்மதம் கொடுக்கலாம். பெற்றோரையும் சேர்த்துக்கொள்ள ஆலோசகர் முயற்சி செய்ய வேண்டும், பிள்ளையிடம் பேசிய பிறகு அது பொருத்தமில்லை என்று அவர் முடிவு செய்தால் ஒழிய. பால்வினை நோய்ச் சிகிச்சைக்கும் அதே 12 வயதுதான். பிள்ளை தானே சம்மதிக்கும் உரிமை உள்ள சிகிச்சையின் பதிவைப் பெற்றோர் கேட்டு வாங்க முடியாது. டெக்சாஸில் அப்படி இல்லை. அங்கே சில சிகிச்சைகளுக்குப் பிள்ளை தானே சம்மதிக்கலாம் என்றாலும், பிள்ளை வேண்டாம் என்றாலும்கூட மருத்துவர் பெற்றோரிடம் சொல்லச் சட்டம் இடம் தருகிறது. 2025-இல் வந்த புதுச் சட்டம், வேறு சட்டமோ நீதிமன்ற உத்தரவோ தடுக்காத வரை, மின்னணுப் பதிவைப் பெற்றோர் உடனே முழுசாகப் பார்க்க வழி செய்யவேண்டும் என்கிறது.

மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒரு அம்மா என் கவுண்ட்டரில் வந்து நிற்பார். "நான் பெத்த பொண்ணு, என்கிட்ட மறைக்கிறதுக்கு நீங்க யாரு?" என்று அழுதவர்கள் உண்டு. அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியும், சட்டத்தையும் தெரியும். ஆனாலும் என் மகளுக்கு 12 முடிந்த வாரத்தில், நோயாளிகள் தங்கள் பதிவைப் பார்க்கும் கிளினிக்கின் இணையதளமான போர்ட்டலில் அவள் பக்கத்தைத் திறந்தால் தடுப்பூசிப் பட்டியலையும் சில வரிகளையும் தவிர எல்லாம் மறைந்துபோயிருந்தது. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சை அடைத்தது. டெக்சாஸில் இருக்கும் என் ஓர்ப்படிக்குப் போன் செய்தால், அவள் மகளுக்கும் அதே வயசு, "இங்க எனக்கு எல்லாமே தெரியுதேக்கா" என்கிறாள். ஒரே குடும்பம், ஒரே வயது, ஒரே ஹிப்பா. எது தெரியும் எது தெரியாது என்பது மட்டும் மாநிலத்தைப் பொறுத்து.

அன்று இரவு எனக்கு வேறொரு நினைவு வந்தது. எனக்கு 15 வயதில் மாதவிலக்குத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவும் அத்தையும் ஊரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவர்களிடம் பேசினார், கதவைக்கூடச் சாத்தவில்லை. வராந்தாவில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. மறுநாள் தெருவில் இரண்டு பேர் என்னிடமே விசாரித்தார்கள். அதற்கப்புறம் கல்யாணம் ஆகும் வரை, எந்த வலி வந்தாலும் நான் டாக்டரிடம் போகவில்லை, சொல்லவும் இல்லை. கலிபோர்னியாவில் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் என்னைப் போன்ற பெண்ணை மனதில் வைத்துத்தான் எழுதினார்கள் என்று நினைக்கிறேன். என் மகள் இரண்டு வருஷம் கழித்து ஒரு விஷயத்தைத் தானாகவே வந்து என்னிடம் சொன்னாள். என்ன விஷயம் என்று எழுத மாட்டேன், அது அவளுடையது. அவள் முதலில் டாக்டரிடம் சொல்லியிருந்தாள், வீட்டில் சொல்லிவிடு என்று டாக்டர்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆகவே இந்தச் சட்டங்களைப் பெற்றோருக்கு எதிரான சதி போலத் தயவுசெய்து எழுதாதீர்கள். கட்டுரையில் அந்தத் தொனி இருந்தது, எனக்கு வருத்தமாக இருந்தது.

18 ஆன பிள்ளைகளுக்கு வருகிறேன். உங்கள் வாசகர்களில் பலருக்கு இதுதான் அவசரத் தேவை. போன வருஷம் கும்பகோணத்திலிருந்து எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் நள்ளிரவில் கூப்பிட்டார். மகன் இங்கே எம்.எஸ். படிக்கிறான், கார் விபத்து, ஆஸ்பத்திரியில் எதைக் கேட்டாலும் "ஹிப்பா" என்று வைத்துவிடுகிறார்கள் என்றார். எந்த மாநிலம் என்று இங்கே சொன்னால் அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

அவரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, மகனின் முழுப்பெயரைச் சொல்லி, எந்த வார்டு, பொதுவாக எப்படி இருக்கிறான் என்று மட்டும் கேளுங்கள். நோயாளி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒழிய அந்த அளவுக்குச் சொல்ல ஹிப்பாவே அனுமதிக்கிறது. இரண்டு, நர்ஸிடம், "என் மகனிடம் போய், அப்பாவிடம் பேசலாமா என்று கேளுங்கள்" என்று சொல்லுங்கள். அவன் வாயால் சரி என்றால் போதும், காகிதம் வேண்டியதில்லை. நினைவில்லாமல் கிடந்தாலும், அவன் நலனுக்கு நல்லது என்று மருத்துவர் கருதினால், கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாரிடம் தேவையானதைச் சொல்லலாம். ஒரு மணி நேரத்தில் மகனே லைனில் வந்தான். காலில் முறிவு, உயிருக்கு ஒன்றுமில்லை. அந்தத் தகப்பனைத் தவிக்க விட்டது சட்டம் இல்லை, சட்டத்தின் பெயரைச் சொல்லிப் போனை வைத்த பழக்கம்.

இதிலும் மாநிலம் குறுக்கே வரும். கலிபோர்னியாவில் மனநலச் சிகிச்சைப் பதிவுகளில் பலவற்றுக்கு 1967-இல் வந்த லான்டர்மன்–பெட்ரிஸ்–ஷார்ட் சட்டம் தனியாக இருக்கிறது. ஹிப்பாவைவிட இறுக்கம். நியூயார்க்கில் எச்.ஐ.வி. தகவலுக்குத் தனிச் சட்டம், தனிப் படிவம். இன்னொன்று, பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் மாணவர் கிளினிக்கின் பதிவுகள் பெரும்பாலும் ஹிப்பாவுக்குள்ளேயே வராது. மாணவர் ஆவணங்களுக்கான 1974-ஆம் ஆண்டு சட்டம், ஃபெர்பா, அதன் கீழ் வரும். கையெழுத்து வாங்க வேண்டிய படிவமும் வேறு. கட்டுரையில் கொடுத்திருந்த மாதிரிப் படிவத்தை அங்கே கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தகவல் தெரிவது வேறு, முடிவெடுப்பது வேறு. பிள்ளையால் பேச முடியாத நிலையில் அவனுக்காக யார் முடிவெடுப்பது என்பதை ஹிப்பா சொல்லாது, மாநிலம்தான் சொல்லும். அதற்கான காகிதத்துக்கு டெக்சாஸில் ஒரு பெயர், கலிபோர்னியாவில் ஒரு பெயர், நியூயார்க்கில் 'ஹெல்த் கேர் ப்ராக்ஸி'. நியூயார்க்கில் இரண்டு சாட்சிகள் போதும். கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் இரண்டு சாட்சிகள் அல்லது நோட்டரி. படிவங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிள்ளை எந்த மாநிலத்தில் இறங்குகிறானோ அந்த மாநிலத்துப் படிவத்தை முதல் வாரத்திலேயே போட்டு வைக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இருக்கும் ஒருவரின் பெயரையும் மாற்று ஆளாகச் சேர்க்கச் சொல்லுங்கள், இங்கே பகல் என்றால் அங்கே இரவு. எதைப் பெற்றோர் பார்க்கலாம், எதைப் பார்க்க வேண்டாம் என்று பிரித்து எழுதும் உரிமை பிள்ளைக்கு உண்டு. அவன் பிரித்து எழுதினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கட்டுரை தொடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தகவல் கசிந்துவிட்டால் என்ன செய்வது? ஹிப்பாவின் பெயரில் நோயாளி நேரடியாக வழக்குப் போட முடியாது. தெரிய வந்த 180 நாளுக்குள் மத்திய சுகாதாரத் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் மாநிலச் சட்டத்தில் வழி இருக்கலாம். கலிபோர்னியாவில், கவனக்குறைவால் தகவல் வெளியே போயிருந்தால், நஷ்டத்தை நிரூபிக்காமலேயே 1,000 டாலர் கேட்டு வழக்குப் போடலாம். கனெக்டிகட் உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டப்படி இழப்பீடு கேட்பதை ஹிப்பா தடுக்காது என்று 2014-இல் சொன்னது. மருத்துவருக்கு ரகசியம் காக்கும் கடமை உண்டு, அதை மீறினால் வழக்குத் தொடரலாம் என்று 2018-இல் அதே வழக்கில் உறுதி செய்தது. கசிவு நடந்ததை நோயாளிக்குத் தெரிவிக்க ஹிப்பா 60 நாள் வரை அவகாசம் தருகிறது. கலிபோர்னியாவில் மருத்துவமனைகளுக்கும் உரிமம் பெற்ற கிளினிக்குகளுக்கும் 15 வேலை நாள்தான்.

இதை எழுதும்போது லிவர்மோர் கோயிலில் நடந்தது நினைவுக்கு வருகிறது. பிரசாத வரிசையில் நிற்கும்போது ஒரு அம்மா, தெரிந்த பெண்ணின் பெயரைச் சொல்லி, "உங்க கிளினிக்குக்குத்தானே வர்றா, என்னவாம்?" என்றார். பாசத்தில்தான் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. என் வேலைக்குத் தேவையில்லாத ஃபைலை நான் திறந்தால் வேலை போகும், அந்தப் பெண்ணுக்கு 15 வேலை நாளில் கடிதமும் போகும். நம் ஆட்கள் நிறையப் பேர் இங்கே மருத்துவமனைகளில் வேலை செய்கிறார்கள். அவர்களிடம் இப்படிக் கேட்காமல் இருப்பது பெரிய உதவி.

மத்திய விதியை மட்டும் நம்பி உட்கார முடியாது என்பதற்கு அண்மையில் ஒரு சம்பவம் நடந்தது. சட்டப்படி செய்யப்பட்ட கருக்கலைப்பு போன்ற சிகிச்சைகளின் பதிவை, அதற்காக ஒருவர்மேல் வழக்குப் போடுவதற்காகக் கேட்டால் கொடுக்கக் கூடாது என்று ஹிப்பாவில் 2024-இல் ஒரு விதி சேர்த்தார்கள். எங்களுக்குப் புதுப் படிவம், புதுப் பயிற்சி எல்லாம் நடந்தது. 2025 ஜூனில் டெக்சாஸில் உள்ள ஒரு மத்திய நீதிமன்றம் அந்த விதியை நாடு முழுவதற்குமாக ரத்து செய்தது. கலிபோர்னியா தனியாகப் போட்டிருந்த சட்டங்கள் அப்படியே நிற்கின்றன. இங்கே என் கவுண்ட்டரில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. வேறு மாநிலத்தில் இதே வேலையில் இருக்கும் என் தோழி அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை.

உங்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். 30 நாள் என்ற வரிக்கும், 18 வயதானால் எதையும் கேட்க முடியாது என்ற வரிக்கும் வரும் ஞாயிறே ஒரு திருத்தம் போடுங்கள். இனி இப்படிக் கட்டுரை வந்தால் கலிபோர்னியா, டெக்சாஸ், நியூயார்க், நியூஜெர்சி என்று நம்மவர்கள் அதிகம் இருக்கும் மாநிலங்களையாவது தனித்தனியாகச் சொல்லுங்கள். தமிழில் யாராவது எழுத முன்வந்தால், சரிபார்த்துக் கொடுக்க நான் தயார். பெயரையும் முகவரியையும் தனியாக அனுப்பியிருக்கிறேன், வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ரெக்கார்ட்ஸ் பிரிவு ஊழியர் ஒருவர்,
பிரீமாண்ட், கலிபோர்னியா.